இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்களில் எதை நிலையாக வைப்பது, எதை நெகிழவிடுவது

ஒரு பல்கலைக்கழகத்தில் இணையவழிப் பாடங்களின் எண்ணிக்கை கூடத் தொடங்கியதும், அவை அனைத்தும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டுமா, அல்லது ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தைத் தமக்கு உகந்தபடி அமைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம் எழுகிறது. நிர்வாகம் முதலாவதையும் ஆசிரியர்கள் இரண்டாவதையும் விரும்புவது வழக்கம். பேசித் தீர்க்கும்போது இரு தரப்பும் பெரும்பாலும் ஒரு நடுவழியைப் பிடிக்கிறார்கள்: எல்லாவற்றிலும் கொஞ்சம் சீர்மை, எல்லாவற்றிலும் கொஞ்சம் சுதந்திரம். இந்தச் சமரசம் யாருக்கும் உதவுவதில்லை என்பது என் கருத்து. சில இடங்களில் சீர்மை முழுமையாகத் தேவை. வேறு சில இடங்களில் அதே சீர்மை கற்றலைக் கெடுக்கும். ஆகவே பாடத்தை வடிவமைப்பவரின் முதல் வேலை, எடுக்க வேண்டிய முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அது யாருடைய கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே ஆகும்.

மாணவரின் இடத்திலிருந்து பார்த்தல்

ஆசிரியர் தம் பாடத்தை மட்டுமே பார்க்கிறார். மாணவரோ ஒரே பருவத்தில் நான்கைந்து பாடங்களைப் பார்க்கிறார். ஒரு பாடத்தில் வாரப் பணிகள் முகப்புப் பக்கத்தில் இருக்கின்றன. இன்னொன்றில் அவை நாட்காட்டிக்குள் இருக்கின்றன. மூன்றாவதில் ஆசிரியர் அனுப்பும் அறிவிப்பில்தான் தெரியவருகின்றன. நான்காவதில் ஒரு பிடிஎஃப் கோப்பின் ஏழாம் பக்கத்தில் உள்ளன. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஏற்கத்தக்க அமைப்பே. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, படிப்பதற்கு உட்காரும் மாணவர் முதலில் தேடுவதற்கு உட்கார வேண்டியிருக்கிறது.

கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாடு இதை விளக்கப் பயன்படுகிறது. மனிதரின் செயல்நினைவு, அதாவது அந்த நொடியில் சிந்திக்கப் பயன்படும் நினைவு, ஒரே நேரத்தில் கையாளக்கூடியது மிகக் குறைவு. பாடப்பொருளின் கடினத்தால் வரும் சுமையைத் தவிர்க்க முடியாது, ஆனால் பாடப்பொருள் நம் முன் வைக்கப்பட்ட விதத்தால் வரும் சுமையைக் குறைக்க முடியும். கோப்பு எங்கே இருக்கிறது, எதைச் சொடுக்க வேண்டும், எந்த நாளுக்குள் எந்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற கேள்விகளில் செலவாகும் கவனம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனால் யாரும் எதையும் கற்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோட்பாட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதன்று என்றும், பாடத்தின் கட்டமைப்பு, இருவருக்கும் இடையிலான உரையாடல், மாணவரின் தன்னாட்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்றும் விளக்கினார். கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையும்போது அந்தத் தொலைவு கூடுகிறது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பக்கமும் முன்கூட்டியே நிரப்பப்பட்டு, ஆசிரியர் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாத பாடத்தில், மாணவர் கேட்கும் ஒரு நல்ல கேள்விக்குப் பாடம் திரும்பி நிற்க இடமே இருக்காது.

முடிவுகளை மூன்றாகப் பிரித்தல்

நடைமுறையில் இதைத் தொடங்க எளிய வழி, ஒரு பாடத்தை உருவாக்கும்போது எடுக்கப்படும் முடிவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுவது. பக்கங்களுக்கு வழிகாட்டும் பட்டியின் தலைப்புகள், அலகுகளின் பெயர், வாரம் தொடங்கும் நாள், ஒப்படைப்பின் கடைசி நாள், கோப்பு வடிவம், மதிப்பெண் பங்கு, மதிப்பீட்டு அளவுகோல், காணொலியின் நீளம், விவாத அரங்கின் விதிகள், நேரலை வகுப்பின் எண்ணிக்கை, ஆசிரியர் பதில் தரும் கால அளவு, தாமதத்துக்கான விதி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பின்னர் ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளில் ஒன்றில் வைக்க வேண்டும்: எல்லாப் பாடங்களுக்கும் கட்டாயம், மாற்றலாம் ஆனால் மாற்றாவிட்டால் இதுதான் என்னும் இயல்பமைப்பு, முழுச் சுதந்திரம்.

கட்டாயத்தில் எதை வைப்பது என்று தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இது பாடத்துக்குப் பாடம் வேறுபட்டால் மாணவருக்கு ஏதேனும் கற்றல் பயன் உண்டா? பாடத்திட்ட விவரம் பட்டியின் முதல் இடத்தில் இருப்பதாலோ மூன்றாம் இடத்தில் இருப்பதாலோ வேதியியலும் வரலாறும் சிறக்கப்போவதில்லை. ஆகவே அது ஒரே இடத்தில் இருக்கட்டும். ஆனால் விவாதம் எழுத்தில் நடக்க வேண்டுமா, குரல்பதிவில் நடக்க வேண்டுமா, நடக்கவே வேண்டாமா என்பது துறையைப் பொறுத்தது. அதை மையமாக முடிவு செய்ய எவருக்கும் தகுதியில்லை.

மூன்று நிலைகளில் மிகவும் பயனுள்ளதும் மிக எளிதில் மறக்கப்படுவதும் நடுவில் உள்ள இயல்பமைப்புதான். புதிதாக இணையவழியில் கற்பிக்க வருபவருக்கு வெற்றுப் பக்கம் ஓர் அச்சம். அவர் இயல்பமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு பாடப்பொருளில் கவனம் செலுத்தலாம். அனுபவமுள்ளவர் அதை மாற்றலாம், ஆனால் ஏன் மாற்றுகிறார் என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைக்க வேண்டும். இந்தக் குறிப்பு அனுமதி கேட்கும் விண்ணப்பமாக மாறிவிடக் கூடாது. அது அடுத்த ஆண்டு இதே பாடத்தை எடுத்து நடத்தப்போகும் ஆசிரியருக்கான விளக்கம். விளக்கம் எழுத முடியாத மாற்றம் பெரும்பாலும் பழக்கத்தால் வந்த மாற்றமாகவே இருக்கும். எழுதும்போதே ஆசிரியருக்கு அது தெரிந்துவிடும்.

சட்டகத்தை உறுதியாக்குதல்

சட்டகம் என்று நான் சொல்வது மாணவர் பாடத்துக்குள் வழி கண்டுபிடிக்கத் தேவையான அனைத்தையும். முகப்புப் பக்கத்தைத் திறந்ததும் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும். ஒவ்வோர் அலகும் ஒரே வகையான அறிமுகப் பக்கத்துடன் தொடங்க வேண்டும்: இந்த அலகின் நோக்கம், செய்ய வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் ஆகக்கூடிய ஏறத்தாழ நேரம், கடைசி நாள். கோப்புகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் இடப்படும் பெயர்கள் ஒரே முறையில் இருக்க வேண்டும்; ஓரிடத்தில் 'ஒப்படைப்பு 2' என்றும் மதிப்பெண் பட்டியலில் 'கட்டுரை' என்றும் அறிவிப்பில் 'இரண்டாம் பணி' என்றும் ஒரே வேலையைக் குறிப்பிட்டால், கவனமாகப் படிக்கும் மாணவருக்குத்தான் குழப்பம் அதிகம். கடைசி நாள் எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி, பருவம் முழுவதும் அதே கிழமையில், அதே மணிக்கு இருக்கட்டும். மாணவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் எந்த நேர மண்டலத்தின்படி என்பதையும் அதனுடனேயே எழுதுங்கள்.

நேர மதிப்பீட்டைப் பற்றி ஒரு சொல். படிப்பின் அளவைக் கிரெடிட் என்னும் அலகில் கணக்கிடும் ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற கணக்கு உண்டு. மற்ற முறைகளிலும் இதுபோன்ற கணக்குகள் இருக்கின்றன. நேரடி வகுப்பில் வகுப்பறை நேரமே பாதி எல்லையை வகுத்துவிடுகிறது. இணையத்தில் அந்த எல்லை இல்லாததால், ஒரு கட்டுரை, ஒரு காணொலி, ஒரு சிறுதேர்வு என்று சேர்த்துக்கொண்டே போய், ஆறு மணி நேர வாரம் பன்னிரண்டு மணி நேர வாரமாகிவிடுவது மிக எளிது. அறிமுகப் பக்கத்தில் நேரத்தை எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், கூட்டிப் பார்க்கும்போதே ஆசிரியர் எதையாவது நீக்குவார்.

அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறன் கொண்ட மாணவரும் பாடத்தைத் தடையின்றிப் பயன்படுத்த முடிவது, இந்தச் சட்டகத்தின் பகுதி. அதில் நெகிழ்வுக்கு இடமில்லை. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள், வழக்கமான அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற மாறுபாட்டு விகிதத்தை எதிர்பார்க்கின்றன. பதிவு செய்யப்பட்ட காணொலிகளுக்கு வசன வரிகளைக் கோருகின்றன. 2008இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே, பக்கத்துக்குப் பக்கம் வழிகாட்டும் பட்டி ஒரே வரிசையில் இருக்க வேண்டும், ஒரே வேலையைச் செய்யும் கூறுகள் ஒரே விதமாக அடையாளப்படுத்தப்பட வேண்டும் என்ற விதிகளும் அவற்றில் இருக்கின்றன. 2023இல் வந்த 2.2 பதிப்பு, உதவி பெறும் வழியும் ஒரே வரிசையிடத்தில் தொடர வேண்டும் என்று சேர்த்தது. திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கும் மாணவருக்குச் சீர்மை என்பது அழகோ வசதியோ தொடர்பானதன்று, அதுவே கதவு. படங்களுக்கு மாற்று விளக்கம் எழுதுவதையோ தலைப்புகளை உரிய தலைப்பு நிலைகளில் அமைப்பதையோ 'விருப்பப்பட்டால் செய்யலாம்' என்ற பட்டியலில் வைக்கும் நிறுவனம், சில மாணவர்களை வெளியே நிறுத்துகிறது.

உள்ளே இடம் விடுதல்

சட்டகம் உறுதியானதும், அதற்குள் நடப்பதை ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டும். மையமான வடிவமைப்புக் குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வாரந்தோறும் ஒரு காணொலி, ஒரு வாசிப்பு, ஒரு விவாதம், ஒரு சிறுதேர்வு என்று வார்ப்புருவிலேயே பெட்டிகள் வரையப்பட்டுவிட்டால், ஆசிரியர்கள் அந்தப் பெட்டிகளை நிரப்புவதையே பாட வடிவமைப்பு என்று எண்ணத் தொடங்குவார்கள். கணிதத்தில் ஒரு வாரம் முழுவதும் ஒரே ஒரு நிறுவலைப் பல கோணங்களில் அணுகுவதில் கழியலாம். இலக்கியத்தில் இரண்டு வாரம் ஒரு நீண்ட நாவலைப் படிப்பதற்கே விட்டு, மூன்றாம் வாரத்தில் விவாதத்தை வைப்பது சரியாக இருக்கலாம். நிரலாக்கத்தில் நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சிகளும் தானியங்கித் திருத்தமும் எந்தக் காணொலியையும்விட அதிகம் உதவும். ஆய்வகப் பாடத்தில் சோதனைகளைக் கணினியில் போலச்செய்து காட்டும் கருவிகளும் தரவுப் பகுப்பாய்வும் மையத்துக்கு வரும். இவற்றையெல்லாம் ஒரே தாளத்தில் ஆடவைப்பது எந்தத் துறைக்கும் நியாயமன்று.

விவாத அரங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'ஒரு பதிவு இடுங்கள், இருவருக்கு மறுமொழி எழுதுங்கள்' என்ற விதி பல பாடங்களில் எல்லா வாரங்களுக்கும் ஒட்டப்படுகிறது. விவாதிக்க ஒன்றுமில்லாத வாரத்திலும் அந்த விதி நின்றால், மாணவர்கள் மறுமொழியின் வடிவத்தை மட்டும் உற்பத்தி செய்வார்கள்; 'நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன்' என்ற வரி நூறு முறை வரும். பருவத்துக்கு நான்கு விவாதங்கள், ஒவ்வொன்றும் உண்மையில் இரு பக்கம் உள்ள கேள்வியின் மேல் அமைந்தால், ஆசிரியரும் உள்ளே வந்து பேச நேரம் கிடைக்கும்.

ஆய்வு முடிவுகளை விதிகளாக மாற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களில் மாணவர்கள் காணொலி பார்த்த விதத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் தங்கிய நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அதிலிருந்து 'ஆறு நிமிடத்துக்கு மேல் காணொலி கூடாது' என்ற கட்டாயம் பல வார்ப்புருக்களுக்குள் நுழைந்தது. அந்த ஆய்வு எவரும் சேரக்கூடிய திறந்தநிலைப் பாடங்களைப் பற்றியது. பட்டத்துக்காகப் படிப்பவருக்கு, இடையில் வெட்டினால் பொருள் சிதையும் ஒரு தேற்றத்தைப் பதினான்கு நிமிடம் தொடர்ந்து விளக்குவதில் தவறில்லை. குறுகிய காணொலியை இயல்பமைப்பாக வையுங்கள், கட்டாயமாக்காதீர்கள்.

மாணவருக்கான நெகிழ்வு

இதுவரை பேசியது ஆசிரியருக்கான நெகிழ்வு. மாணவருக்கான நெகிழ்வு வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல பாடங்கள் கெடுகின்றன. 'எங்கள் பாடம் நெகிழ்வானது' என்று சொல்லும் ஆசிரியர் பல வேளைகளில் தாம் விரும்பும்போது தேதியை மாற்றுகிறார் என்பதே பொருளாக இருக்கும். அது மாணவருக்கு, அதிலும் வேலையும் குடும்பப் பொறுப்பும் உள்ளவருக்கு, நெகிழ்வின் நேர் எதிர். வாரத்தைத் திட்டமிட்டு விடுப்பு எடுத்தவருக்குத் தேதி மாறாமல் இருப்பதே பேருதவி.

மாணவருக்குத் தரும் நெகிழ்வு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகவும் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். 'சிரமம் இருந்தால் என்னிடம் கேளுங்கள்' என்ற அன்பான வரி, கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் உதவுகிறது. கேட்கத் தயங்குபவரும், தம் இடரை அந்நியரிடம் விவரிக்க விரும்பாதவரும் விடுபட்டுப்போவார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவருக்கும் பருவத்துக்கு இத்தனை நாள் தாமத உரிமை என்று பாடத்திட்டத்திலேயே எழுதி, காரணம் கேட்காமல் பயன்படுத்த விடலாம். அல்லது பத்துச் சிறுதேர்வுகளில் சிறந்த எட்டை மட்டும் கணக்கில் எடுக்கலாம். ஆசிரியருக்கு வரும் கோரிக்கைக் கடிதங்களும் அதனால் குறையும். ஆனால் சக மாணவர் மதிப்பீடு போல ஒருவரின் தாமதம் மற்றவரைக் காக்கவைக்கும் பணிகளிலும், விடைகள் உடனே வெளியிடப்படும் பணிகளிலும் கடைசி நாள் நெகிழக் கூடாது. எவை நெகிழும், எவை நெகிழா என்பதை ஒப்படைப்புப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

வடிவத் தேர்வு அடுத்தது. கட்டுரையாகவோ ஒலிப்பதிவாகவோ விளக்கப்படத்துடன் கூடிய அறிக்கையாகவோ ஒப்படைக்கலாம் என்று சொல்வதற்கு முன், கற்றல் விளைவைத் திரும்பப் படியுங்கள். கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் வலியுறுத்தியபடி, எதிர்பார்க்கும் விளைவும் கற்றல் பணியும் மதிப்பீடும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். விளைவு 'ஒரு கொள்கை முடிவின் விளைவுகளை மதிப்பிடுதல்' என்றால் வடிவம் எதுவாகவும் இருக்கலாம். விளைவு 'ஆய்வுக் கட்டுரை எழுதுதல்' என்றால் எழுத்தைத் தவிர வேறு வழியில்லை. வடிவங்கள் பலவாக இருந்தாலும் மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றே இருக்கட்டும்; அது வாதத்தின் வலிமை, சான்றின் தரம், கருத்தின் தெளிவு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டுமே தவிர பக்க எண்ணிக்கையையோ படத்தொகுப்பின் நேர்த்தியையோ பற்றிப் பேசக் கூடாது. நேரடி வகுப்பு, நேரலை, பின்னர் பார்த்தல் ஆகிய மூன்றில் எதையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் ஹைஃபிளெக்ஸ் முறையை உருவாக்கிய பிரையன் பீட்டியும் இத்தகைய ஒரு கொள்கையையே வைத்தார்: வழிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவை கொண்டுசேர்க்கும் கற்றல் ஈடானதாக இருக்க வேண்டும்.

தேர்வுகளின் எண்ணிக்கையில் அடக்கம் தேவை. தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலையே. பத்து வழிகளைத் திறந்துவைத்தால் மாணவர் எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே களைத்துப்போவார். இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். முதலாண்டு மாணவர்களுக்குப் பாதையைக் குறுக்கி, மேல் ஆண்டுகளில் அகலப்படுத்துவது நல்லது. புதியவருக்குக் கைகொடுக்கும் விரிவான வழிகாட்டல் தேர்ந்தவருக்குத் தடையாகிறது என்பதை அறிவாற்றல் சுமை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

பல பிரிவுகளும் பல ஆசிரியர்களும்

ஒரே பாடத்தை ஐந்து ஆசிரியர்கள் ஐந்து பிரிவுகளில் நடத்தும்போது கேள்வி கூர்மையடைகிறது, ஏனெனில் இங்கே சீர்மை மாணவர்களுக்கு இடையிலான நியாயம் பற்றியது. கற்றல் விளைவுகள், பெரிய ஒப்படைப்புகள், மதிப்பெண் பங்கு, அளவுகோல் ஆகியவை பொதுவாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டுகள், வாரப் பயிற்சிகள், அறிவிப்புகளின் குரல் ஆகியவை அந்தந்த ஆசிரியருடையவை. இணையவழிப் பாடங்களை நடத்தப் பயன்படும் கேன்வாஸ் தளத்தில் மூலப் பாடம் ஒன்றை அமைத்து, அதன் சில கூறுகளை மட்டும் பூட்டி, மற்றவற்றைப் பிரிவு ஆசிரியர்கள் மாற்ற அனுமதிக்கும் வசதி உண்டு. அதுபோன்ற இன்னொரு தளமான மூடுலில் ஒரு பாடத்தின் உள்ளடக்கத்தை இன்னொன்றுக்குள் இறக்குமதி செய்து அங்கே திருத்திக்கொள்ளலாம். எதைப் பூட்டுவது என்பதை ஐவரும் பருவம் தொடங்கும் முன் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். கருவியைக் கையாளும் ஒருவர் தனியாக முடிவு செய்தால், மற்ற நால்வரும் தாம் எழுதாத பாடத்தை வாசித்துக்காட்டும் நிலைக்குத் தள்ளப்படுவார்கள். அளவுகோல் ஒன்றாக இருந்தால் மட்டும் மதிப்பெண்ணும் ஒன்றாக வந்துவிடாது என்பதால், ஐவரும் சில மாதிரி விடைகளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

பருவத்தின் நடுவில் மாற்றங்கள்

பாடம் தொடங்கிய பின் எதை மாற்றலாம் என்பதற்கும் ஒரு விதி வேண்டும். மதிப்பெண் பங்கை மாற்றக் கூடாது. கடைசி நாளைத் தள்ளிப்போடலாம். முன்னே கொண்டுவரக் கூடாது. வாசிப்பைக் குறைக்கலாம், கூட்டுவதானால் விருப்ப வாசிப்பாக மட்டுமே கூட்டலாம். எந்த மாற்றத்தையும் ஒரே இடத்தில், அறிவிப்புப் பகுதியில், எது எதுவாக மாறியது என்று சொல்லி வெளியிட்டு, பாடத்திட்டத்தின் பக்கத்தையும் அன்றே திருத்த வேண்டும். இந்த எல்லைக்குள், மாணவர்கள் திணறும் ஒரு கருத்துக்காகப் புதிய விளக்கக் காணொலியைப் பதிவு செய்யவும், ஒரு நேரலை அமர்வைச் சேர்க்கவும் ஆசிரியருக்கு முழு உரிமை இருக்க வேண்டும். இதற்காகவே பருவத்தில் ஒரு வாரத்தைப் புதிய பாடப்பொருள் இல்லாமல் வெறுமனே விட்டுவைப்பது நல்ல வழக்கம்.

சோதித்துப் பார்த்தல்

வெளியிடும் முன், பாடத்தைப் பார்த்திராத ஒருவரிடம், முடிந்தால் மாணவர் ஒருவரிடம், சில வேலைகளைக் கொடுங்கள்: மூன்றாம் வாரத்தின் வாசிப்பைக் கண்டுபிடி, இரண்டாம் ஒப்படைப்பு எப்போது என்று சொல், தாமதமானால் என்ன ஆகும் என்று கண்டுபிடி, ஆசிரியரைத் தொடர்புகொள்ளும் வழியைக் காட்டு. கைப்பேசியிலும் செய்யச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள், உதவாதீர்கள். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் சட்டகத்தில் எங்கே விரிசல் என்பது தெரிந்துவிடும்.

பருவம் நடக்கும்போது மாணவர்கள் அனுப்பும் கேள்விகளை இரண்டாகப் பிரித்துச் சேமித்து வையுங்கள். 'எங்கே இருக்கிறது, எப்போது, எந்த வடிவத்தில்' என்பவை ஒரு வகை. 'ஏன் இப்படி, இது அதோடு எப்படிப் பொருந்தும்' என்பவை இன்னொரு வகை. முதல் வகை அதிகமாக வந்தால் சட்டகத்தைத் திருத்த வேண்டும். இரண்டாம் வகை வரவே இல்லையென்றால் உள்ளே இடம் போதவில்லை என்று ஐயப்படலாம்.

வார்ப்புருவை ஆண்டுக்கு ஒருமுறை, பருவங்களுக்கு இடையில் மட்டும் திருத்துங்கள். பருவம் நடக்கும்போது மேம்பாடு என்ற பெயரில்கூட அதைத் தொடாதீர்கள். திருத்தும்போது, இயல்பமைப்பிலிருந்து விலகிய ஆசிரியர்கள் எழுதிவைத்த குறிப்புகளை எடுத்து வாசியுங்கள். ஒரே கூறிலிருந்து பலர் ஒத்த காரணத்துக்காக விலகியிருந்தால் இயல்பமைப்பை மாற்றுங்கள். எவருமே விலகாத கூறைக் கட்டாயத்துக்கு நகர்த்த வேண்டும் என்ற ஆசை எழும். அதற்கு அவசியமில்லை, ஏனெனில் அது கட்டாயமின்றியே வேலை செய்துகொண்டிருக்கிறது. கட்டாயப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பழைய கேள்வியை மீண்டும் கேட்டு, பதில் மாறியிருந்தால் அதை விடுவித்துவிடுங்கள்.